செடி தன் இலையை எப்படிக் கழற்றுகிறது: மலைநாட்டு வீட்டுத்தோட்டத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

போன வருடம் நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு, அக்கா வீட்டுக்குப் போகும்போது ஒரு ஃபுக்சியாவைப் பூச்சாடியோடு கொண்டுபோனேன். ஜிமிக்கி தொங்கவிட்ட மாதிரி இருபது முப்பது பூ. பஸ் காற்றில் வாடிவிடக் கூடாதென்று பெரிய பொலித்தீன் பைக்குள் வைத்தேன். கையில் இருந்த ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் அதற்குள்ளேயே போட்டு வாயைக் கட்டிவிட்டேன். நன்றாகக் கனிந்த பழம். போய்ச் சேர்ந்த அசதியில் பையைப் பிரிக்காமல் தூங்கியும் விட்டேன். மறுநாள் காலையில் அக்கா கூப்பிட்டாள். “என்னடா இது, மொட்டு பூ எல்லாம் கொட்டிக் கிடக்கு, தண்ணியே ஊத்தலையா?”

தண்ணீர் குறையவில்லை. இலைகள் பச்சையாக இருந்தன, தண்டு விறைப்பாக நின்றது. விழுந்த பூ ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தால், காம்பு அறுபட்ட இடம் வழவழவென்று இருந்தது. பிய்ந்த நார் இல்லை, கசங்கல் இல்லை. செடியே பூவைக் கழற்றி விட்டிருந்தது.

இந்தக் கழற்றல் செடிக்குள் எப்படி நடக்கிறது, எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்பதைப் படிப்படியாகச் சொல்வதுதான் இந்த வழிகாட்டி. உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அதனால் நம் பாடப்புத்தகச் சொற்கள் வரும்: கலம் என்றால் இந்தியப் புத்தகங்களில் செல், நொதியம் என்றால் என்சைம், ஓமோன் என்றால் ஹார்மோன். பரம்பரையலகுக்கு மட்டும் எல்லோருக்கும் பழகிய ‘மரபணு’வையே வைத்துக்கொள்கிறேன். தோட்டம் வைத்திருப்பவர்கள் பெயர்களில் மயங்க வேண்டாம், செய்முறைகளைச் செய்து பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

தேவையானவை: ஒரு புது பிளேட், ஒரு கைவில்லை, கோலியஸ் செடி ஒன்றோ இரண்டோ, காய்த்த தக்காளிச் செடி, கொஞ்சம் வேசிலின், விவசாயக் கடையில் விற்கும் வேர்விடும் ஓமோன் தூள், பொலித்தீன் பை, கனிந்த வாழைப்பழம்.

படி 1: முறிவது வேறு, கழல்வது வேறு

தேயிலை மலையில் கொழுந்து பறிப்பதைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? இரண்டு இலையும் ஒரு மொட்டும் ‘பட்’டென்று விரலோடு வரும். அது முறிவு. இளந்தண்டில் நார் இன்னும் முற்றவில்லை, அதனால் விரல் எங்கே மடக்குகிறதோ அங்கே ஒடிகிறது. அரை அங்குலம் மேலே பிடித்தால் அரை அங்குலம் மேலே ஒடியும்.

இப்போது அதே செடியின் அடிப்பக்கத்தில் மஞ்சளாகிப்போன கிழட்டு இலை ஒன்றைக் கீழ்நோக்கி லேசாகத் தட்டுங்கள். காம்பின் நடுவில் ஒடியாது. காம்பு தண்டைத் தொடும் இடத்தில்தான் பிரியும். எந்த இலையைத் தட்டினாலும் அதே இடம்தான்.

இன்னொரு சாட்சி உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றில் சவுக்கு (கிரவில்லியாவைத்தான் சொல்கிறேன்) கிளை முறிந்து கீழே விழுந்து சட்டென்று காய்ந்தால், அதன் இலைகள் பழுப்பாகி, நொறுங்கும் நிலையிலும் கிளையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். உயிரோடு நிற்கும் மரமோ காய்ந்து நொறுங்குமுன்னே இலைகளை விட்டுவிடுகிறது. செத்த கிளையால் இலையைக் கழற்ற முடியாது. கழற்றுவதற்கு உயிருள்ள கலங்கள் வேண்டும், அவை புதிதாகப் புரதம் செய்ய வேண்டும், அதற்கு மரபணுக்கள் இயங்க வேண்டும். ‘காய்ந்ததால் விழுந்தது’ என்ற நம் வழக்கமான விளக்கம் இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

படி 2: வெட்டும் இடத்தைக் கண்ணால் காண்பது

தக்காளியைப் போல வசதியான செடி இதற்கு வேறில்லை. ஒரு காயின் காம்பைப் பாருங்கள். காய்க்கும் கொத்துத் தண்டுக்கும் நடுவில், காம்பின் பாதி வழியில், விரல் முட்டி போல ஒரு வீக்கம் இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஒன்று வளையமாக ஓடும். பழுத்த தக்காளியைத் திருகினால் அந்த முட்டியில்தான் வரும். அதனால்தான் கடைத் தக்காளியில் பச்சைத் தொப்பியும் குட்டிக் காம்பும் சேர்ந்தே இருக்கின்றன.

முட்டியைப் பிளேட்டால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கைவில்லையில் பாருங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கோடு போல நிறம் மாறித் தெரியலாம். பாடசாலை நுணுக்குக்காட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. சுற்றியுள்ள கலங்கள் பெரிதாகவும் உள்ளே வெறுமையாகவும் இருக்க, அந்தக் கோட்டில் மட்டும் சில அடுக்குச் சின்னக் கலங்கள், நெருக்கமாக, குழியவுரு நிறைந்து நிற்கும். இதுதான் உதிர்வு வலயம். வளர வேண்டிய வயதில் வளராமல், எப்போதோ வரப்போகும் கட்டளைக்காகச் சின்னதாகவே நிற்கும் கலங்கள் இவை.

இலையில் இது காம்பின் அடியில் இருக்கும், இதழில் இதழின் அடியில். போஞ்சியில் ஓர் இலைக்கு இரண்டு இடம்: காம்பு தண்டைத் தொடுமிடம் ஒன்று, இலைப்பரப்புக்குக் கீழே இருக்கும் வீங்கிய மூட்டின் ஓரம் இன்னொன்று.

படி 3: அந்த இடத்தை யார் குறித்து வைத்தது?

உறுப்பு உருவாகும்போதே இடம் குறிக்கப்பட்டுவிடுகிறது. விழப்போவது பல வாரம் கழித்து. குறிப்பது மரபணுக்கள் என்பதற்குத் தக்காளியே சாட்சி. காம்பில் முட்டியே இல்லாத விகாரச் செடிகள் (மரபணு மாறிப்போனவை) உண்டு. அவற்றில் பூவோ பழமோ தானாக விழாது. காரணமான மரபணுவுக்கு ‘ஜொயின்ட்லெஸ்’ என்று பெயர், முட்டியில்லாதது என்று பொருள். 2000ஆம் ஆண்டு அது பிரித்தெடுக்கப்பட்டது. மற்ற மரபணுக்களை இயக்கும் சுவிட்சு வகைப் புரதம் ஒன்றை அது செய்கிறது. அந்தச் சுவிட்சு பழுதானால் சின்னக் கலங்களின் அடுக்கே உருவாவதில்லை. வெட்டும் கருவிகள் எல்லாம் நல்லபடி இருந்தும் வெட்ட இடமில்லை.

மரபணுக்களுக்கு ஆய்வாளர்கள் பெயர் வைக்கும் முறை ஆரம்பத்தில் குழப்பும். பழுதானால் செடி எப்படித் தெரிகிறதோ அதைத்தான் பெயராக வைக்கிறார்கள். நல்ல ஜொயின்ட்லெஸ் மரபணுவின் வேலை முட்டியை உண்டாக்குவது! என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது இதில் தடுக்கி விழுவார்கள்.

முட்டியில்லாத தக்காளி ஏன் வேண்டும் என்று கேட்கலாம். சோஸ் தொழிற்சாலைக்கு இயந்திரத்தால் பறிக்கும்போது, ஒட்டியிருக்கும் குட்டிக் காம்பு பக்கத்துப் பழங்களைக் குத்திக் கிழிக்கும். அதனால் வளர்ப்பாளர்கள் கலாபகோஸ் தீவுகளின் காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து கிடைத்த ‘ஜொயின்ட்லெஸ்-2’ என்ற வேறொரு மாற்றத்தைத் தேடிப் போனார்கள். அதைப் பல இரகங்களோடு கலந்தபோது புது வம்பு வந்தது. பூங்கொத்து கிளை கிளையாகப் பிரிந்து, பூ ஏராளம், காய் சொற்பம். இதன் மர்மம் 2017இல்தான் விளங்கியது. மனிதர் தக்காளியைப் பயிராக்கிய காலத்திலேயே, பச்சைத் தொப்பியைப் பெரிதாக்கும் இன்னொரு மாற்றம் பல இரகங்களுக்குள் நுழைந்திருந்தது. இரண்டும் தனித்தனியே சாது, ஒரே செடியில் சேர்ந்தால் கிளைத்தல் தறிகெட்டுப் போகிறது. ஒரு மரபணுவுக்கு ஒரே வேலைதான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினால் செடி இப்படித்தான் பாடம் நடத்தும்.

தக்காளிக்கு அடுத்து நீங்கள் அறிய வேண்டியது அரபிடொப்சிஸ். கடுகுக் குடும்பத்துச் சின்னக் களை. உலகெங்கும் தாவர ஆய்வுகூடங்களில் அதைத்தான் வளர்க்கிறார்கள். அதில் பூ முதிர்ந்ததும் புல்லிகள், இதழ்கள், மகரந்தத்தாள்கள் எல்லாம் அடியோடு கழலும். ‘பொப்-1’, ‘பொப்-2’ என்ற இரட்டை மரபணுக்கள் இரண்டும் பழுதானால் அங்கே உதிர்வு வலயம் உருவாகாது. காய் பச்சையாக நீண்டு முற்றும் வரை வாடிய இதழ்கள் அதன் அடியில் பாவாடை மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும்.

படி 4: ஒட்சின் ஓடும்வரை ஒன்றும் நடக்காது (செய்முறை)

இடம் தயார். ஆனால் ஆரோக்கியமான இலை விழுவதில்லை. ஏன்? இலைப்பரப்பு ஒட்சின் என்ற ஓமோனைச் செய்து காம்பு வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ‘நான் இருக்கிறேன், வேலை செய்கிறேன்’ என்று மேலிருந்து வரும் செய்தி அது. அது வரும்வரை உதிர்வு வலயத்துக் கலங்களுக்கு மற்றச் செய்திகள் காதில் விழாது. இலை கிழடாகிறது, நிழலில் மாட்டுகிறது, நோய் பிடிக்கிறது, ஒட்சின் குறைகிறது, கலங்களின் காது திறக்கிறது.

இதை வீட்டில் காட்டலாம். கோலியஸில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலை எதிரெதிரே இருக்கும், அது நமக்கு வசதி.

முதல் கணுவில் ஓர் இலையின் பரப்பை மட்டும் பிளேட்டால் வெட்டி எடுங்கள், காம்பு நிற்கட்டும். எதிரில் உள்ள இலையைத் தொடவேண்டாம். இரண்டாவது கணுவில் இரண்டு இலைப்பரப்பையும் வெட்டுங்கள். ஒரு காம்பின் வெட்டுமுனையில் வெறும் வேசிலின் தடவுங்கள். மற்றதில், வேர்விடும் தூளைக் குழைத்த வேசிலினை உடனே தடவுங்கள். அந்தத் தூளில் இருப்பது ஒட்சின் வகைதான், வாங்குமுன் பொட்டலத்தைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு காம்பையும் குச்சி முனையால் மெல்லத் தொட்டுப் பார்த்துக் குறிப்பெழுதுங்கள்.

ஐந்தாறு நாளில் மொட்டைக் காம்பும் வெறும் வேசிலின் காம்பும் தொட்டதும் விழும். ஒட்சின் தடவியது நிற்கும், முழு இலையும் நிற்கும். பதுளையில் இப்படி. நுவரெலியாக் குளிரில் இன்னும் சில நாள் இழுக்கும், பொறுமையாக இருங்கள். வெட்டுவதும் கரைப்பதும் நொதியங்களின் வேலை, குளிரில் அவை மெதுவாகத்தான் நகரும்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் இன்னொன்றும் செய்யலாம். இன்னொரு காம்பில் ஒட்சினை உடனே தடவாமல் மூன்று நான்கு நாள் கழித்துத் தடவிப் பாருங்கள். காப்பாற்றாது. சில சமயம் இன்னும் சீக்கிரம் விழும். காது திறந்த பிறகு வரும் ஒட்சின், எதிலீனைக் கூட்டிவிட்டு எதிர்வேலை செய்கிறது. ஒரே பொருள் நேரத்தைப் பொறுத்து மருந்தும் ஆகிறது, நஞ்சும் ஆகிறது.

படி 5: எதிலீன், அதாவது என் வாழைப்பழத் தவறு

ஃபுக்சியாவுக்கு நடந்தது இங்கேதான் வருகிறது. கனியும் வாழைப்பழம் எதிலீன் என்ற வாயுவை விடுகிறது. கட்டிய பைக்குள் அது நிறைந்துவிட்டது. ஒட்சின் ‘இரு’ என்றால் எதிலீன் ‘போ’ என்கிறது. கோலியஸ் செய்முறையை இரண்டு செடிகளில் செய்து, ஒன்றை வாழைப்பழத்தோடு பைக்குள் வைத்தால் வித்தியாசம் நாள் கணக்கில் தெரியும்.

எதிலீனின் சரித்திரம் தெருவிளக்கிலிருந்து தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களில் விளக்கெரிக்கும் வாயு குழாயில் கசிந்த இடங்களில் மரங்கள் காலம் தவறி இலையுதிர்த்தன. அந்த வாயுவில் செடிகளைப் பாதிப்பது எதிலீன்தான் என்று ரஷ்யாவின் நெல்ஜுபொவ் 1901இல் காட்டினார். செடியே அதைச் செய்கிறது என்று ஆப்பிளை வைத்து நிரூபித்தது 1934இல். விறகுப் புகையிலும் எதிலீன் உண்டு. குசினி அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கும் ரோசாவின் இதழ் ஏன் சீக்கிரம் கொட்டுகிறது என்பதற்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

சரி, எதிலீன்தான் எசமானா? இல்லை. எதிலீனை உணரும் வாங்கி (செய்தியைப் பிடிக்கும் புரதம்) பழுதான அரபிடொப்சிஸ் செடிகள் இதழ்களைத் தாமதமாகத்தான் விடுகின்றன, ஆனால் விட்டுவிடுகின்றன. ஆக எதிலீன் அவசரப்படுத்துகிறது, அவ்வளவுதான். கடைசிக் கட்டளை வேறெங்கோ இருக்கிறது.

போகிற போக்கில் ஒரு திருத்தம். அப்சிசிக் அமிலம் என்ற பெயரைப் பார்த்ததும் இலையுதிர்வுக்கு அதுதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். 1960களில் பருத்திக் காய் உதிர்வதை ஆராயும்போது பிரித்தெடுத்ததால் வந்த பெயர் அது. அதன் பெரிய வேலைகள் வரட்சியில் இலைவாயை மூடுவதும் வித்தைத் தூங்கவைப்பதும். பெயர் ஒட்டிக்கொண்டது, உதிரவில்லை.

இந்த இடத்தில் கோப்பியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் தென்பட்டது. இலைத்துரு என்ற பூஞ்சண நோய். பூஞ்சணம் மரத்தை நேரே கொன்றுவிடவில்லை. நோய் பிடித்த இலைகளை மரம் காலத்துக்கு முன்பே கழற்றியது, புது இலை விட்டது, அதுவும் நோயாகி விழுந்தது. திரும்பத் திரும்ப மொட்டையான மரத்துக்குக் காயை ஊட்டச் சத்தில்லை. நோய்ப்பட்ட இலையில் ஒட்சின் குறைந்து எதிலீன் கூடுவது செடிகளில் பொதுவாகக் காண்பது. ஒரு சில இலைகளில் நோய் என்றால் அது நல்ல தற்காப்பு. ஆயிரக்கணக்கான ஏக்கரில், எல்லா இலையிலும் நோய் என்றால் அதே தற்காப்பு மரத்தின் உயிரைக் குடிக்கிறது. இருபது வருடம் போல ஆனதும் கோப்பி போய் மலையெங்கும் தேயிலை வந்தது. கோப்பிக்கென்று தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த நம் பாட்டன் பூட்டன்களின் கை, மலை ஏறி வாது வெட்டிக் கொழுந்து பறிக்கப் பழகியது.

படி 6: கடைசிக் கட்டளை

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 2003இல் நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில், இதழே உதிராத அரபிடொப்சிஸ் செடி ஒன்றைப் பற்றி எழுதினார்கள். உதிர்வு வலயம் ஒழுங்காக இருந்தது. எதிலீனையும் செடி உணர்ந்தது. எதிலீன் கொடுத்தாலும் இதழ் விழவில்லை. பழுதான மரபணுவுக்கு ‘ஐடா’ என்று பெயரிட்டார்கள். அது செய்வது ஒரு குட்டிப் புரதம். அதன் வால்பகுதியில் பத்துப் பன்னிரண்டு அமினோ அமிலம் நீளத் துண்டு ஒன்று வெட்டப்பட்டு, கலத்துக்கு வெளியே போய் வேலை செய்கிறது. இதை ஒரு சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டு அதற்கு முன்பே கிடைத்திருந்தது. ‘ஹேசா’ என்ற வாங்கிப் புரதம், கலத்தின் மென்சவ்வில் நிற்பது. அந்த இலத்தீன் பெயருக்கு ‘ஒட்டிக்கொள்’ என்று பொருள். அதற்குத் தம்பி போல ‘ஹேசா போன்ற-2’ என்று இன்னொன்றும் உண்டு. ஒன்று போனால் மற்றது சமாளிக்கும். இரண்டும் போனால் இதழ் விழாது, எவ்வளவு சாவி செய்தாலும் விழாது. இப்படி இரட்டிப்பாக வைத்திருப்பது செடிகளின் வழக்கம். ஒற்றை மரபணுவைக் கெடுத்துவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று ஏமாந்த ஆய்வுகள் நிறைய.

சாவி பூட்டில் எப்படிப் பொருந்துகிறது என்பதை 2016இல் பளிங்கு வடிவிலேயே பார்த்துவிட்டார்கள். சாவியின் நடுவில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் செடி ஓர் ஐதரொக்சில் கூட்டத்தைச் சேர்த்துவிடுகிறது. ஒரு ஒட்சிசனும் ஒரு ஐதரசனும், அவ்வளவுதான். அது பூட்டின் உள்ளே ஒரு சின்னப் பள்ளத்தில் போய் உட்காருகிறது. அந்தச் சேர்க்கை இல்லாத சாவி சரியாகப் பிடிக்காது. சாவி உட்கார்ந்ததும் பக்கத்தில் நிற்கும் துணைவாங்கி ஒன்று வந்து சேர்ந்து அதை இறுக்குகிறது.

பூட்டுத் திறந்ததும் கலத்துக்குள் செய்தி கைமாறி ஓடுகிறது. ஒரு கைனேசு நொதியம் அடுத்ததற்குப் பொசுபேற்றுக் கூட்டம் ஒன்றை ஒட்டிவிடும், அது அடுத்ததற்கு. பெரட்டுக் களத்தில் (தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் இடம்) கங்காணி வாயிலிருந்து வரிசை வழியே சொல் போகிற மாதிரி. கடைசியில் ‘கேநாட்-1’ (KNAT1) என்ற தடைப்புரதம் விலகுகிறது. சாதாரண நாட்களில் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். அந்த மரபணுவே பழுதான செடிகளில் உறுப்புகள் காலத்துக்கு முன்பே விழும். பிரேக் விலகினால் வெட்டும் நொதியங்களின் மரபணுக்கள் இயங்கத் தொடங்கும்.

அரபிடொப்சிஸ் சாதாரணமாக இலை உதிர்க்காத செடி. ஆனால் கடும் வரட்சியில் தண்டு இலைகளைக் கழற்றுகிறது. அப்போதும் இதே ஐடா, ஹேசாதான் வேலை செய்கின்றன. இன்னும் வேடிக்கை, பக்க வேர் உள்ளிருந்து முளைத்து மேற்படைகளைப் பிளந்துகொண்டு வெளியே வரும்போதும் வழிவிடச் சொல்வது இதே சோடிதான். ‘கலங்களே, கொஞ்சம் விலகுங்கள்’ என்று எங்கே சொல்ல வேண்டுமோ அங்கெல்லாம் அதே சாவியைப் போடுகிறது செடி.

படி 7: கரைப்பதும் மூடுவதும்

அடுத்தடுத்த கலச்சுவர்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின் பசை. ஜாம் உறைவதும் இதனால்தான். பொலிகலக்டுரனேசு என்ற நொதியம் பெக்டினை வெட்டுகிறது, செலுலேசு சுவரைத் தளர்த்துகிறது. கலங்கள் கிழியவில்லை, ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. தொட்டாலோ காற்றடித்தாலோ மிச்சமுள்ள நரம்பிழைகள் அறுந்து இலை விழும்.

ஒரு சிக்கல் பாருங்கள். பசையைக் கரைக்கும் நொதியத்தைக் கொட்டினால் அது ஏன் பக்கத்துக் கலங்களையும் கரைக்கவில்லை? 2018இல் வந்த விடை அழகானது. விழப்போகும் பக்கத்துக் கலங்கள் பிரிவதற்கு முன் தமக்குள் லிக்னினால் தேன்கூடு மாதிரி ஒரு சட்டகம் கட்டுகின்றன. மரத்துக்கு உறுதி தரும் அதே லிக்னின். அது வேலிபோல நின்று, நொதியத்தைச் சரியான ஒரே கோட்டில் மட்டும் வைத்திருக்கிறது. செடியில் தங்கும் பக்கத்துக் கலங்களோ பிரிந்ததும் புதுத் தோலாக மாறி, மேலே மெழுகுப் படை போட்டு மூடிக்கொள்கின்றன.

உதிர்ந்த இடத்துத் தழும்பைக் கைவில்லையில் பாருங்கள். வழவழப்பான தட்டில் சில புள்ளிகள் இருக்கும். காம்புக்குள் ஓடிய கலன்கட்டுகளின் (நீரும் உணவும் கடத்தும் குழாய்கள்) அடைபட்ட வாய்கள் அவை.

படி 8: உதிராமல் இருக்கத் தேர்ந்த கைகள்

வெலிமடைப் பக்கத்துப் படிவயல்களில் கதிர் முற்றியும் நெல் வயலிலேயே கொட்டாமல் நிற்கிறதே, அது நெல்லின் இயல்பில்லை. காட்டு நெல் மணி முற்றியதும் கொட்டிவிடும், கொட்டினால்தான் அதன் வமிசம் பரவும். ஆதிகாலத்தில் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள், தெரியாமலே, கொட்டாத கதிர்களைத்தான் அதிகம் கொண்டுவந்தார்கள், அடுத்த போகம் அவற்றையே விதைத்தார்கள். அவர்கள் தேர்ந்த மாற்றங்கள் எவை என்று 2006இல் இரண்டு ஆய்வுகள் காட்டின. ‘எஸ்எச்-4’ மரபணுவில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அதனால் மணியின் அடியில் உதிர்வு வலயம் அரைகுறையாகிறது. ‘கியூஎஸ்எச்-1’இல் மாற்றம் மரபணுவுக்குள்ளேகூட இல்லை. அதிலிருந்து சுமார் 12,000 டிஎன்ஏ எழுத்து தள்ளி ஒற்றை எழுத்து மாறியதில், அந்த இடத்தில் மட்டும் மரபணு இயங்காமல் போய் வலயம் உருவாவதில்லை. அரைகுறையாவது இருப்பது நல்லது. ஒரேயடியாக இறுகிவிட்டால் சூடடிப்பவர் பாடு பெரும்பாடு.

படி 9: உங்கள் தோட்டத்தில் பூவும் பிஞ்சும் கொட்டினால்

தக்காளிப் பூ முட்டியில் கழன்று விழுகிறதென்றால் முதலில் மகரந்தச்சேர்க்கையைச் சந்தேகியுங்கள். சூலகம் கருக்கட்டினால்தான் பூவிலிருந்து ஒட்சின் ஓடும். இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போகும் நாட்களில் மகரந்தம் ஒழுங்காக வேலை செய்யாது. பொலித்தீன் கூடாரத்துக்குள் காற்றும் இல்லை, அதனால் முற்பகலில் கொத்துத் தண்டை விரலால் சுண்டி விடுங்கள். போஞ்சியிலும் கறிமிளகாயிலும் தண்ணீர் விட்டு விட்டுப் பாய்ச்சுவது பூவைக் கொட்ட வைக்கும். ஒட்சின் மருந்து அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அளவு தெரியாமல் வேண்டாம், களைநாசினிகளில் சிலவே ஒட்சின் வகைதான்.

பட்டர்ப்பழ மரம் பூவில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டைத்தான் பழமாக்கும், பிஞ்சுகளிலும் நிறையத் தள்ளிவிடும். அதற்கு மருந்தும் கிடையாது, கவலையும் வேண்டாம்.

எதற்கும் முன் விழுந்ததைக் கையில் எடுத்துக் காம்பு முனையைப் பாருங்கள். வழவழப்பான வட்டத் தழும்பு என்றால் செடியே கழற்றியது, காரணத்தைத் தண்ணீரிலோ குளிரிலோ நோயிலோ நிழலிலோ தேடுங்கள். நார் பிய்ந்து, கசங்கி, சாய்வாக இருந்தால் காற்று, எலி, அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்.